காரைக்குடி தொழிலாளர் ஆவணச் சேவை மையம்: ஓர் ஒப்பந்ததாரரின் மதிப்புரை

அரசுக் கட்டட வேலையை ஒப்பந்தம் எடுப்பவர், வேலைக்கு வருபவர் யார், அவருடைய வயது என்ன, அவருக்கு ஏற்கெனவே வருங்கால வைப்பு நிதிக் (பி.எஃப்.) கணக்கு உண்டா என்பவற்றை முதல் நாளே சரிபார்க்காவிட்டால், பில் தொகை நிலுவையில் நிற்கும்போதுதான் அதன் அருமை புரியும். காரைக்குடி செக்காலைப் பகுதியில் இந்தச் சரிபார்ப்பைச் செய்து தரும் சிறிய மையம் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். கட்டணம் மற்ற இடங்களைவிடச் சற்றுக் கூடுதல், கொடுக்கத் தகும்.

மற்ற இடங்களில் ஆதார் எண்ணை வாங்கிக் கணினியில் ஏற்றுவதோடு வேலை முடிந்துவிடும். இங்கே அப்படியில்லை. சென்ற ஆண்டு எங்கள் மேஸ்திரி அழைத்து வந்த பையனின் ஆதாரில் பதினெட்டு வயது நிறைந்திருந்தது. மையத்தை நடத்தும் அம்மையார் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, பள்ளிக்கூடத்து டி.சி. இருந்தா எடுத்துட்டு வாப்பா" என்றார். வந்த சான்றிதழின்படி அவனுக்குப் பதினாறுதான். வைப்பு நிதி நிறுவனம் 2024 ஜனவரியிலேயே பிறந்த தேதிக்கான சான்றுகளின் பட்டியலிலிருந்து ஆதாரை நீக்கிவிட்டது என்பதையும், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை உள்ளவர்களே பதிய முடியும் என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார். சாரத்தில் ஏறிய பிறகு அந்தப் பையனுக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால், எந்தக் காகிதமும் அவன் குடும்பத்துக்கு உதவியிருக்காது.

2025 ஆகஸ்டு முதல் புதிய யு.ஏ.என். எண்ணை, அதாவது வேலை மாறினாலும் மாறாத வைப்பு நிதி எண்ணை, மத்திய அரசின் உமாங் செயலியில் முகச் சரிபார்ப்பு செய்துதான் பெற வேண்டும் என்பதால், தொழிலாளி நேரில் வந்தாக வேண்டும். வயதான சித்தாள் ஒருவரின் முகத்தைச் செயலி ஏற்காதபோது, அவரை வாசல் திண்ணையில் வெளிச்சம் விழும் பக்கமாக உட்காரவைத்து, முக்காட்டை விலக்கி, எப்போது கண் சிமிட்ட வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் படம் எடுத்தார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் முன்பு வேலை பார்த்த இன்னொரு பெண்ணுக்கு, புதிய எண் எடுக்காமல் பழைய எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து இணைத்ததால், அவருடைய சேமிப்பு இரண்டாகச் சிதறவில்லை. ஒடிசா, பீகார் தொழிலாளர்களிடம் இந்தியில் பேசிக் கேட்கவும் அங்கே ஓர் ஆள் இருக்கிறார்.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. தொழிலாளர்களின் ஆதார் நகல்கள் திறந்த அலமாரியில், வருவோர் போவோர் கைபடும் இடத்தில் கிடக்கின்றன. கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கோப்பில் வைத்துக்கொண்டு, முழு நகலைப் பதிவு முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்று நேரிலேயே கேட்டிருக்கிறேன். பூட்டு போட்ட பீரோ வாங்குவதாகச் சொன்னார்கள், இன்னும் வரவில்லை.

வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு இரண்டுக்கும் மாதச் சந்தா கட்ட 15ஆம் தேதியே கடைசி நாள் என்பதால் அதையொட்டிய நாட்களில் அங்கே உட்கார இடம் கிடைக்காது. புதிய ஆட்களை அழைத்துச் செல்பவர்கள் 20ஆம் தேதிக்கு மேல் செல்வது நல்லது.