1966 மஸ்டாங்குக்கு முன்சக்கர டிஸ்க் பிரேக் கிட்: திருநகர் கொட்டகையில் பொருத்தி, சிறுமலையில் இறக்கிப் பார்த்தது

மதுரை திருநகரில் எங்கள் வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் நிற்கும் 1966 ஃபோர்டு மஸ்டாங்குக்கு, அமெரிக்காவிலிருந்து வரவழைத்த முன்சக்கர டிஸ்க் பிரேக் கிட் ஒன்றைப் பொருத்தி எட்டு மாதங்கள் ஓட்டிய பிறகு இதை எழுதுகிறேன். டிஸ்க்கும், உராய்வுத் தகடுகளை (பேடு) அதன்மேல் இறுக்கும் காலிப்பரும் கொடுத்த காசுக்குத் தகுந்தவை. உடன் வந்த புஷ் ராடும் குழாய் இணைப்புகளும் அப்படியல்ல. இவற்றைவிட முக்கியமான ஒன்றை விற்பவர்கள் சொல்வதேயில்லை: இந்தக் காலத்துக் கார்களில் முதலில் மாற்ற வேண்டியது டிரம்மை அல்ல, மிதியின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டரை. கிட்டின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே அமைப்பில் பல பெயர்களில் கிட்டுகள் கிடைப்பதால், நான் சொல்வது பெரும்பாலும் இவ்வகை முழுமைக்கும் பொருந்தும்.

கார் என் மாமனாருடையது. வெளிநாட்டுத் தூதரக அலுவலர்கள் விட்டுச் சென்ற கார்களை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் விற்றுவந்த நாட்களில், 1970-களில், சென்னையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தார். 289 கன அங்குல, அதாவது 4.7 லிட்டர், வி-8 எஞ்சின். தொழிற்சாலைக் கணக்கில் 200 குதிரைத்திறன். மசில் கார் (பெரிய எஞ்சின் வைத்த வேகக் கார்) என்ற சொல்லை 1964-இல் வந்த போன்டியாக் ஜிடிஓ போன்றவற்றுக்கு மட்டுமே தர வேண்டும், மஸ்டாங் வெறும் ‘போனி கார்’ (அதைவிடச் சிறிய ஸ்போர்ட்டி கார்) என்று வாதிடுவோர் உண்டு. தெருமுனையில் அந்த எஞ்சின் உறுமும்போது தேநீர்க் கடையில் இருப்பவர்கள் எவரும் அந்த வேறுபாட்டைக் கேட்பதில்லை என்பதால், நானும் அதற்குள் போகவில்லை.

உறுமலுக்கு ஈடான பிரேக்கை அந்தக் கார் கொண்டுவரவில்லை. நான்கு சக்கரங்களிலும் 10 அங்குல டிரம், உள்ளிருந்து லைனிங் ஒட்டிய ஷூக்கள் அழுத்தி நிறுத்துபவை. அவை அனைத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், அதில் ஒரே அறை. சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் ஏதேனும் ஒரு வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்தாலோ, ஒரு குழாய் துருப்பிடித்து ஒழுகினாலோ, நான்கு சக்கரத்துப் பிரேக்கும் ஒரே மிதியில் போய்விடும். முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் பிரித்து இரண்டு அறை வைக்கும் முறை மஸ்டாங்குக்கு 1967 மாடலில்தான் வந்தது.

இருந்தும் என்னைக் கிட் வாங்க வைத்தது ஒழுகல் அல்ல, சூடு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு சிறுமலைக்குப் போய்விட்டுத் திண்டுக்கல் பக்கம் இறங்கினோம். பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள். கியரைக் குறைத்து வைத்திருந்தும், பாதி வளைவுகளைத் தாண்டியபோது மிதி ஆழமாகப் போகத் தொடங்கியது. இன்னும் இரண்டு வளைவில் தீய்ந்த லைனிங் வாடை உள்ளே வந்தது. ஒதுக்கி நிறுத்தி, முக்கால் மணி நேரம் ஆறவிட்டுத்தான் மீதியை இறங்கினோம். டிரம் சூடேறும்போது வெளிப்பக்கமாக விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. ஆகவே மிதி கீழே போகிறது. சுழலும் டிரம்மே ஷூவை இழுத்து மேலும் அழுத்துவதுதான் இந்த அமைப்பின் பலம். லைனிங்கின் உராய்வு சற்றுக் குறைந்தால் அந்த இழுவையும் சேர்ந்து குறைவதால், இழப்பு இரட்டிப்பாகிறது. டிஸ்க் திறந்த காற்றில் சுழல்கிறது, விரிந்தாலும் பேடை நோக்கியே விரிகிறது.

பெட்டியில் வந்தவை: சக்கரம் சுழலும் புதிய ஸ்பிண்டில் அச்சுகள், 11 அங்குல டிஸ்க்குகள், ஒற்றை பிஸ்டன் மிதக்கும் காலிப்பர்கள், பேரிங்குகள், ரப்பர் ஹோஸ்கள், இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர், பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்து வைக்கும் வால்வு. விமானக் கூலியும் சுங்கவரியும் சேர்ந்தபோது பெட்டியின் விலையில் பாதிக்கு மேல் கூடுதலாக ஆனது. இதை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வார்ப்பின் தரம் நன்றாக இருந்தது. டயல் கேஜ் வைத்துப் பார்த்ததில் இரு டிஸ்க்கிலும் ஆட்டம் மிகக் குறைவு. கிரீஸ் இல்லாமல் வந்த பேரிங்குகளைக் கழுவி, சக்கர பேரிங்குக்கான உயர்வெப்ப கிரீஸைக் கையால் திணித்துப் பொருத்தினேன்.

வழிகாட்டித் தாளில் ‘நான்கு மணி நேர வேலை’ என்று இருந்தது. எனக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. வீட்டில் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மஸ்டாங்கில் சுருள் ஸ்பிரிங், சக்கரத்தைத் தாங்கும் மேல் ஆர்மின் மீது உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஜாக்கி ஏற்றும் முன்பே மேல் ஆர்மின் கீழ் ஒரு மரக்கட்டையைச் செருகி, அது கீழே இறங்காதபடி செய்துவிட்டுத்தான், ஸ்பிண்டிலை ஆர்மோடு இணைக்கும் பால் ஜாயிண்டைப் பிரிக்க வேண்டும். பிரிப்பதற்குக் கவட்டைக் கருவியைப் பயன்படுத்தினால் ரப்பர் கிழியும். ஸ்பிண்டிலின் கண்ணைச் சுற்றி இரண்டு சுத்தியலால் எதிரெதிராகத் தட்டினால் கூம்பு தானாக விடும். பேரிங் நட்டைச் சக்கரத்தைச் சுழற்றியபடியே 17 முதல் 25 அடி-பவுண்டு வரை இறுக்கி, பின் தளர்த்தி, கைவிரல் இறுக்கத்தில் விட்டுப் பின்னைக் குத்தினேன்.

முதல் தடை சக்கரத்தில் வந்தது. விற்பனைப் பக்கத்தில் ‘14 அங்குலச் சக்கரத்துக்குப் பொருந்தும்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. டிஸ்க் பிரேக்குக்கென்று செய்யப்பட்ட 14 அங்குலச் சக்கரம் என்பது அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. என்னுடையவை டிரம் காலத்துச் சக்கரங்கள்; காலிப்பரில் உரசின. பஞ்சர் கடைக்காரர் இன்னோவா சக்கரத்தைப் போடச் சொன்னார். ஐந்து துளைகளின் இடைவெளி, 114.3 மில்லிமீட்டர், இரண்டுக்கும் ஒன்றே என்பதால் யோசனை மேலோட்டத்தில் சரிதான். ஆனால் அதன் நடுத்துளை சிறியது, ஹப்பில் உட்காராது. சக்கரம் அமரும் நிலையும் (ஆஃப்செட்) உள்நோக்கிப் போகிறது. வாஷர் வைத்து விலக்கலாம் என்றும் சிலர் சொன்னார்கள். போல்டின் மரை நட்டில் எத்தனை சுற்று பிடிக்கிறது என்பதில் விளையாடும் துணிச்சல் எனக்கில்லை. 15 அங்குல இரும்புச் சக்கரங்களைத் தனியே வரவழைத்தேன். இந்தச் செலவை விற்பவர் முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தால் திட்டமே வேறாகியிருக்கும்.

குழாய்களில் இன்னொரு சிக்கல். 3/16 அங்குலக் குழாய், அதாவது 4.75 மில்லிமீட்டர், மதுரையில் எந்தப் பிரேக் கடையிலும் கிடைக்கிறது. நட்டுதான் கிடைப்பதில்லை, நம் ஊர்க் கார்களுக்கு 10 மில்லிமீட்டர் மரை, மஸ்டாங்குக்கு 3/8 அங்குலம். ஏறுவது போல் ஏறி அரைச் சுற்றில் சிக்கிக்கொள்ளும். வலுவில் திருகினால் புது மாஸ்டர் சிலிண்டரின் மரை அழியும். பழைய குழாய்களிலிருந்த நட்டுகளைக் கழற்றி, சுத்தம் செய்து, புதுக் குழாயில் மாட்டி, முனையை இரட்டை மடிப்பாக விரித்தேன். ஆகவே, பழைய குழாயை வெட்டி எறிந்துவிடாதீர்கள்.

இனிப் புஷ் ராடு. மிதிக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் இந்தக் கம்பி, கிட்டில் மாற்ற முடியாத நீளத்தில் வந்தது. பொருத்தி, பிரேக் குழாய்களிலிருந்து காற்றை நீக்கி, திருப்பரங்குன்றம் வரை போய்வரக் கிளம்பினேன். மூன்றாவது கிலோமீட்டரில் கார் தானாகவே இழுத்துப் பிடிப்பது போல் இருந்தது. நிறுத்தித் தொட்டுப் பார்த்தால் முன் சக்கரம் கொதித்தது. கம்பி சற்றே நீளமாக இருந்ததால் சிலிண்டருக்குள் பிஸ்டன் முழுமையாகப் பின்வாங்கவில்லை. ஆயில் திரும்பிப் போகும் சிறு துளை மூடியே இருந்தது. சூட்டில் விரிந்த ஆயிலுக்குப் போக இடமில்லாமல் பேடுகளை அழுத்திக்கொண்டே இருந்தது. இன்னும் ஐந்து கிலோமீட்டர் போயிருந்தால் சக்கரமே பிடித்திருக்கும். பாதுகாப்புக்கென்று விற்கப்படும் பொருளில் இந்தக் குறை மன்னிக்கத்தக்கதல்ல.

இதைச் சரிசெய்தவர் எங்கள் பக்கத்து லேத் பட்டறைக்காரர். கம்பியை நடுவில் வெட்டி, மரை போட்டு, நீட்டிக் குறைத்துப் பூட்டும்படி கடைந்துகொடுத்தார். “தம்பி, டிராக்டர்காரனுக்கு வாரத்துக்கு ரெண்டு செய்யறேன்” என்றார். வாங்கியது 350 ரூபாய். கம்பிக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். அதன்பின் ஒருமுறைகூடப் பிரேக் பிடித்துக்கொள்ளவில்லை.

மிதியின் கனம் குறித்தும் சொல்ல வேண்டும். டிரம்மைப் போல டிஸ்க் தன்னையே இழுத்துக்கொள்வதில்லை. முழு அழுத்தமும் காலிலிருந்துதான் வர வேண்டும். கிட்டில் வந்த மாஸ்டர் சிலிண்டரின் துளை 1 அங்குலம். 15/16 அங்குலத் துளை உள்ளதை வாங்கினால், அதே மிதியில் ஏறத்தாழ 14 விழுக்காடு கூடுதல் அழுத்தம் கிடைக்கும்; மிதி சற்று ஆழமாகப் போகும், அவ்வளவுதான். நான் ஓட்டுவேன், என் மனைவி ஒருநாள் ஓட்டிவிட்டு, இது பிரேக்கா கிணற்று மூடியா என்று கேட்டாள். கேட்டு வாங்க முடிந்தால் சிறிய துளையைக் கேளுங்கள்.

டிரம்மைக் கழற்றும் முன்பும் டிஸ்க்கைப் பொருத்திய பின்பும், மனை விற்காமல் கிடக்கும் ஒரு மனைப்பிரிவின் தார்ச் சாலையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்திப் பார்த்தேன். டயர் மாறியதால் இது துல்லியமான ஒப்பீடு அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதல் நிறுத்தம் டிரம்மில் 22 மீட்டர், டிஸ்க்கில் 20. இதற்காகவா இவ்வளவு செலவு என்று தோன்றும். முதல் நிறுத்தத்தின் எல்லையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் டயரின் பிடிப்புதான். இடைவிடாமல் ஆறாவது முறை நிறுத்தியபோது டிரம்முக்கு 31 மீட்டர் தேவைப்பட்டது. டிஸ்க் 21-இல் நின்றது. வால்வைத் திருகாமல் விட்ட முதல் ஓட்டத்தில் பின்சக்கரங்கள் முந்திப் பூட்டிக்கொண்டு வால் சற்றே வீசியது. அழுத்தத்தைக் குறைத்த பின் நேராக நின்றது. சென்ற கார்த்திகையில் ரயில்வே சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீரைக் கடந்து ஏறியபோதும், இரண்டாவது மிதியிலேயே பிரேக் வந்துவிட்டது. டிரம்மாக இருந்தபோது கால் கிலோமீட்டர் தேய்த்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

பின்பு சிறுமலைக்கும் போனோம். பதினெட்டு வளைவும் இறங்கி அடிவாரத்தில் மிதித்தபோது, மலை உச்சியில் கிளம்பியபோது இருந்த அதே உயரத்தில் மிதி நின்றது. இறங்கும் முன் புதிய டாட் 4 ஆயில் மாற்றியிருந்தேன். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை: புதிய டாட் 3-இன் குறைந்தபட்சக் கொதிநிலை 205 பாகை செல்சியஸ், டாட் 4-க்கு 230. இரண்டும் ஈரத்தை உறிஞ்சுபவை என்பதால் திறந்துவைத்த டப்பாவை அடுத்த ஆண்டுக்கு வைத்திருக்க வேண்டாம்.

ஞாயிறு காலை அழகர்கோவில் வரை போய்வருபவருக்கு நான் டிஸ்க்கைப் பரிந்துரைக்க மாட்டேன். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர், புது வீல் சிலிண்டர்கள், புது ஹோஸ்கள், நல்ல லைனிங். அவருக்கு அது போதும், செலவும் கால் பங்கில் முடியும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் குழாயில் ஏறத்தாழ 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அழுத்தத்தைத் தேக்கும் வால்வு இருக்கும், பின்னாளில் டிஸ்க் போடும்போது அதே சிலிண்டரை அப்படியே வைத்தால் பேடுகள் உரசிக்கொண்டே இருக்கும். மலை இறங்குபவரும், நான்குவழிச் சாலையில் திருமங்கலம் தாண்டி வேகம் பிடிப்பவரும் டிஸ்க் வாங்கலாம். புஷ் ராடை மட்டும் பெட்டியிலேயே விட்டுவிட்டு லேத் பட்டறைக்கு நேராகப் போகலாம்.

காரில் எங்கும் வெட்டாமல், ஒட்டவைக்காமல், வெறும் போல்டில் பொருத்த முடிந்தது எனக்குப் பிடித்த அம்சம். 50 ஆண்டுகளைத் தாண்டிய வாகனங்களை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-இல் வந்த மத்திய விதிகள், வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும் என்கின்றன. கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டுகளுக்கு. நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. பழைய ஸ்பிண்டில், டிரம், ஷூ எல்லாவற்றுக்கும் கிரீஸ் தடவி, இடம், வலம் என்று சீட்டுக் கட்டி, கோணிச் சாக்கில் பரண்மேல் ஏற்றி வைத்திருக்கிறேன்.