காட்சித் தொட்டியில் ஐசோபாட்: சில ஆண்டுகள் வளர்த்த அனுபவம்

ஐசோபாட் வளர்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "பணம் போட்டு வாங்கினால் கண்ணில் படுமா, இல்லை வெறும் மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கணுமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. செடித்தொட்டியைத் தூக்கினால் அடியிலிருந்து கலைந்து ஓடும் சாம்பல் நிற உயிர்களின் உறவுக்காரர்கள்தானே இவை. என் அனுபவத்தில், படும். அநேகமாகத் தினமும் படும். ஆனால் அதில் பாதி, எந்த இனத்தை வாங்குகிறீர்கள் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

என்னிடம் இருப்பது 45 செ.மீ. நீளமுள்ள, முன்பக்கம் திறக்கும் கண்ணாடித் தொட்டி. அதில் பொர்செல்லியோ லேவிஸ் இனத்தின் 'டெய்ரி கவ்' வகை. வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டுகள். நன்றாக வளர்ந்தது 2 செ.மீ. வரை வரும். கூச்சமே இல்லாத இனம், பகலிலும் வெளியே திரியும். தாய்லாந்திலிருந்து வந்த 'ரப்பர் டக்கி'யையும் தனிப் பெட்டியில் வளர்க்கிறேன். மஞ்சள் முகமும் கருத்த முதுகுமாக அவ்வளவு அழகு, விலையும் அதற்கேற்ற மாதிரி. ஆனால் மரப்பட்டையைத் தூக்கினால்தான் தரிசனம். காட்சிக்கு வைக்க அது வேண்டாம். வரிக்குதிரை போல் கோடு போட்ட அர்மடில்லிடியம் மாகுலாட்டம் ஓரளவு வெளியே வரும். 'பவுடர் ஆரஞ்சு' நிறையவே தெரியும். உற்றுப் பார்ப்பதற்குள் ஓடிவிடும், அதுதான் குறை.

மீதிப் பாதி தொட்டியை அமைப்பதில் இருக்கிறது. நன்றாகத் தெரியட்டும் என்று மறைவிடங்களைக் குறைப்பவர்கள் உண்டு. பலன் நேர்மாறாகத்தான் கிடைக்கும். ஐசோபாட் பூச்சி அல்ல. நண்டு, இறால் வகையறா. உடம்பின் பின்பகுதியில், அடிப்பக்கம் இருக்கும் தகடு போன்ற உறுப்புகளால் மூச்சு விடுகிறது. அவை ஈரமாகவே இருக்க வேண்டும். உடம்பிலுள்ள நீரைக் காப்பதில் பூச்சிகளுக்கு இருக்கும் திறமையும் இதற்கு இல்லை. திறந்த வெளி என்றாலே உலர்ந்துபோகும் ஆபத்துதான். இரண்டு எட்டில் ஒளிய இடம் இருக்கிறது என்றால்தான் தைரியமாக நடமாடும். இலைச்சருகைத் தாராளமாகப் போட்ட பிறகுதான் என் தொட்டியில் நடமாட்டம் கூடியது.

அந்த மறைவிடத்தை எங்கே வைப்பது என்பதுதான் விஷயமே. கார்க் பட்டை ஒன்றை முன்கண்ணாடியில் சாய்த்து வைத்திருக்கிறேன். பட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவிலுள்ள இடுக்கு அவற்றுக்குப் பாதுகாப்பான பொந்து, எனக்கு ஜன்னல். பகலில் அந்த இடத்தில் மட்டும் வெளிப்புறமாகக் கறுப்பு அட்டை ஒட்டிவைத்து, பார்க்கும்போது எடுத்துவிடுவேன். பின்சுவரிலும் சொரசொரப்பான பட்டைதான். ராத்திரியில் அதில் ஏறி மேயும். வழுவழுப்பான கண்ணாடியில் டெய்ரி கவ்வால் ஏற முடியாது. ஆனாலும் மூலைகளில் பூசிய சிலிக்கானைப் பிடித்து ஏறிவிடலாம் என்பதால் மூடி அவசியம்.

ஈரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கக்கூடாது. ஒரு மூலையில் பாசியை (சுவரில் பச்சையாகப் படரும் 'மாஸ்') வைத்து அங்கே மட்டும் தண்ணீர் ஊற்றுகிறேன். மறுபக்கம் உலர்ந்தே இருக்கும். தனக்கு எது தோதோ அதைத் தேடி அவை போய்வருவதாலேயே பார்க்க நிறைய நடமாட்டம் கிடைக்கிறது. எதிரெதிர்ப் பக்கங்களில் காற்று வழி இருப்பதால் கண்ணாடியில் நீர் பூத்து மறைப்பதும் குறைவு. நான் இருப்பது இங்கிலாந்தில். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது அறைக்காற்று காய்ந்துவிடும். அந்த மாதங்களில் பாசி மூலையை அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சாப்பாட்டு நேரம்தான் உண்மையான காட்சி. முன்னால் ஒரு தட்டைக் கல்லை வைத்து, அதே இடத்தில், விளக்கணைத்த பிறகு காய்ந்த இறால் போடுவேன். கொஞ்ச நேரத்தில் கல்லே தெரியாது. மங்கலான சிவப்பு விளக்கில் பார்த்தால் அவை பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. இந்த இனத்துக்குப் புரதம் நிறைய வேண்டும். குறைந்தால் தோலுரித்து மென்மையாக இருக்கும் கூட்டாளியையே கடித்துவிடக்கூடும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு எப்போதும் உள்ளே கிடக்கும்.

தோலுரிப்பதைக் கட்டாயம் பாருங்கள். முதலில் பின்பாதி, ஓரிரு நாள் கழித்து முன்பாதி என்று இரண்டு தவணையாக உரிக்கும். அதற்கு முன்னால் ஓட்டிலிருக்கும் சுண்ணாம்பில் ஒரு பங்கை இழுத்து உடம்பின் முன்பாதியில், அடிப்பக்கம் வெள்ளைத் திட்டுகளாகச் சேமித்து வைக்கும். இதைப் படத்தில் பார்த்திருக்கிறேன். கண்ணாடியை ஒட்டி நேரில் பார்த்தபோது வந்த சந்தோஷமே வேறு. தாய் தன் வயிற்றுப் பையில் முட்டைகளைச் சுமப்பதும், அதிலிருந்து ஆறு ஜோடிக் கால்களோடு வெள்ளைக் குஞ்சுகள் வெளிவருவதும் அதே ஜன்னலில்தான் தெரிந்தது. ஏழாவது ஜோடி அப்புறம்தான் முளைக்கும்.

நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்த குறைகளும் உண்டு. மென்மையான செடி எதுவும் தங்குவதில்லை. பாசியும் மெல்ல மெல்லக் காலியாகிறது, மணி பிளான்ட் மட்டும் சமாளிக்கிறது. கூட்டம் பெருகப் பெருகச் சருகு காணாமல் போய் எச்சம் மேடாகும். மேல்மண்ணை அவ்வப்போது வாரி, புதுச் சருகு போட வேண்டும். இங்கே ஓக், பீச் இலை கிடைக்கிறது. நம் ஊரில் நாட்டு வாதுமைச் சருகு அருமையாக இருக்கும், பூச்சிமருந்து படாததாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பூஞ்சையை ஸ்பிரிங்டெயில்கள் (மண்ணில் வாழும், துள்ளும் குட்டி உயிர்கள்) தின்று கவனித்துக்கொள்கின்றன.

கூடவே வேறு இனத்தை விட வேண்டாம். வேகமாகப் பெருகும் டெய்ரி கவ்வுக்கு முன்னால் மெதுவாகப் பெருகுபவை காலப்போக்கில் காணாமல் போய்விடும். பெருகியதைத் தோட்டத்திலும் விடுவதில்லை, வளர்க்க ஆசைப்படும் நண்பர்களுக்குத்தான் தருகிறேன். அவர்களில் யாராவது பல்லி, தவளை இருக்கும் தொட்டியில் சேர்க்கக் கேட்டால் மட்டும் மறுத்துவிடுவேன். புரதப் பசியுள்ள இந்த இனத்தை அவற்றோடு விடுவதில் எனக்குச் சம்மதமில்லை.