பிரசவ விடுப்பு: வேலூரா, ஜெர்மனியா?

காட்பாடியில் எங்கள் தெரு நர்ஸ் பெண், டிபன் பாக்ஸும் ஜெர்மன் பாடப்புத்தகமும் ஒரே பையில் பிதுங்க, வாசலில் நின்று கேட்டாள்: "அக்கா, இங்கேயே பெத்துட்டுப் போகவா, போய்ப் பெத்துக்கவா?"

விடுப்பு
இங்கே: பிரசவ விடுப்புச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பின் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம்.
அங்கே: பிரசவத்துக்கு முன் 6, பின் 8, மொத்தம் 14 வாரம்.

சம்பளம்
இரண்டிலும் குறையாது. இங்கே முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும்.

வேலை
இங்கே: விடுப்பில் இருக்கும்போது நீக்கக் கூடாது.
அங்கே: கர்ப்பம் தொடங்கி, பிரசவத்துக்குப் பின் 4 மாதம் வரை பாதுகாப்பு.

14 என்றதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் ஜெர்மனியின் பலமே அதற்கு அப்புறம்தான். அம்மா, அப்பா இருவருமே 3 வருடம் வரை சம்பளமில்லா விடுப்பு எடுக்கலாம், வேலை போகாது. முதல் ஒரு வருடம் அரசு உதவித்தொகை உண்டு, கையில் வந்த பழைய சம்பளத்தில் சுமார் 65 சதவீதம். இங்கே தனியார் வேலையில் இருக்கும் அப்பாவுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. அது எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம்.

சரி, அந்த உதவித்தொகை பிரசவத்துக்கு முந்தைய 12 மாத வருமானத்தை வைத்துத்தான். அதனால் போன கையோடு பெற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு வேலூரே நல்லது, அம்மாவும் பக்கத்தில் இருப்பார். கணவரும் கூட வந்து, அங்கே ஒரு வருடம் வேலை பார்த்த பிறகு என்றால் ஜெர்மனி.