மொராக்கோவில் டிரைலோபைட் வாங்குவதற்கு முன் அதன் கண்ணைப் பாருங்கள்

மொராக்கோ போகிறவர்கள், புதைபடிவம் ஏதாவது வாங்கி வரலாம் என்று நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். எர்ஃபூத் ஊரில் ஒரு கடையில் 2,000 திர்ஹாம் கொடுத்து நான் வாங்கிய டிரைலோபைட் (பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்து அழிந்த கணுக்காலி உயிரி) உண்மையானது அல்ல. ரெசின் என்ற செயற்கைப் பிசினில் வார்த்தது.

கடைக்காரர் அதை 'டிரோடாப்ஸ் ஆர்மாட்டஸ்' என்று சொல்லித்தான் விற்றார். டிரோடாப்ஸ், நடு டெவோனியன் காலத்தில் (சுமார் 39 கோடி ஆண்டுகளுக்கு முன்) கடலடியில் வாழ்ந்து அழிந்த பேரினம், ஃபாகோப்பிடே குடும்பம். ஜெர்மானிய ஆய்வாளர் வோல்ஃப்காங் ஸ்ட்ரூவே 1990இல் பெயர் வைத்தார். அதில் மெகலோமேனிகஸ் என்ற இனத்துக்கு உடம்பெல்லாம் புடைப்புகள், ஆர்மாட்டஸுக்கு முட்கள். கடினமான சுண்ணாம்புக்கல்லிலிருந்து முள் உடையாமல் பிரித்தெடுப்பது பெரும்பாடு, அதனால் விலையும் அதிகம். மோசடியும் அந்த முள்ளில்தான் நடக்கிறது. நான் வாங்கியதில் ஒவ்வொரு முள்ளும் தனியாகச் செய்து ஒட்டியது.

அடிக்கல் மட்டும் அசல் சுண்ணாம்புக்கல். ஆகவே, அமிலம் விட்டால் நுரைக்கிறது என்று யாராவது செய்து காட்டினால் நம்பிவிடாதீர்கள். கல்தூளைப் பசையில் குழைத்து ஓரங்களைப் பூசிவிடுகிறார்கள், அதுவும் நுரைக்கும்.

கண்ணைத்தான் பார்க்க வேண்டும். இந்தக் குடும்பத்தின் கண்ணில் கால்சைட் என்ற கனிமத்தால் ஆன லென்ஸ்கள் தனித்தனியாக, வரிசை வரிசையாக இருக்கும். பூதக்கண்ணாடி இல்லாமலே எண்ணிவிடலாம். எனக்குக் கிடைத்ததில் அவை மழுங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, இடையிடையே காற்றுக்குமிழிகளின் சின்னச் சின்னக் குழிகள்.

அப்புறம் விரிசல். மலையில் தோண்டுபவர்கள் பாறையை உடைத்துப் பார்த்துத்தான் உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். உடைவு பெரும்பாலும் படிவத்தின் ஊடாகவே போகும். ஒட்டிவிட்டுத்தான் சுத்தம் செய்வார்கள். அந்தக் கோடு கல்லிலும் உடம்பிலும் தொடர்ந்து ஓடினால் நல்ல அறிகுறி. என்னிடம் "உடையாத பீஸ் சார்" என்று பெருமையாகச் சொல்லி விற்றார்கள்.

பெட்டிக்குள் இருந்த சீட்டு இன்னும் மோசம். 'ஃபாகோப்ஸ் ரானா, கேம்பிரியன்' என்று அச்சடித்திருந்தது. ரானா வட அமெரிக்க இனம், பென்சில்வேனியாவின் மாநிலப் புதைபடிவம். இப்போது எல்ட்ரெட்ஜியாப்ஸ் என்ற பேரினத்தில் சேர்த்திருக்கிறார்கள். டெவோனியனுக்குப் பல கோடி ஆண்டுகள் முந்தைய கேம்பிரியன் காலத்திலோ இந்தக் குடும்பமே தோன்றியிருக்கவில்லை. பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆத்திரம். எந்த இடம், எந்த அடுக்கு என்ற தகவல் பொய்யானால், அசல் படிவம்கூட வகைப்பாட்டுக்கு உதவாது.

படங்கள் எடுத்து அனுப்பிக் கேட்டேன். விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது.

சரி, வாங்கியே தீருவேன் என்றால், சுத்தம் செய்வதற்கு முன் கல்லுக்குள் இருந்த நிலையில் எடுத்த படத்தைக் கேளுங்கள். எந்த மலையில் எடுத்தது என்றும் கேளுங்கள். டிரோடாப்ஸ் என்றால் அல்னிஃப் ஊருக்கு அருகே இஸ்ஸூமூர் மலை என்பது போலத் தெளிவாகப் பதில் வர வேண்டும். முள் உள்ளது மலிவாகக் கிடைக்கிறது என்றால் தொடவே வேண்டாம்.