பூண்டு ஷெட்டுக்குத் தகட்டுத் தூண் நிறுத்துவோர் கவனத்திற்கு

கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையில் எங்கள் வீட்டை ஒட்டி, பூண்டு உலர்த்திச் சேமிக்கப் பரணுடன் கூடிய ஷெட் ஒன்றைச் சென்ற ஆண்டு கட்டினோம். கனமான இரும்பை மலைமேல் ஏற்றிவரும் செலவை எண்ணி, தகட்டைச் சூடாக்காமல் குளிர்நிலையில் 'C' எழுத்து வடிவில் மடித்துச் செய்த சி சேனல்களையே தூண்களாக நிறுத்தலாம் என்று கீழ்நாட்டுப் பட்டறைக்காரர் ஒருவர் சொன்னதற்கு இசைந்தேன். முறையாக வடிவமைத்தால் அத்தகைய தூண்கள் நன்றாகவே தாங்கும் என்பதால், அந்த யோசனையை நான் இன்றும் குறை சொல்லவில்லை.

கொட்டேஷனில் 2 மில்லிமீட்டர் தடிமன் என்று எழுதியவர், இறக்கியது 1.6 மில்லிமீட்டர். கேட்டதற்கு, "அண்ணே, இது 550 கிரேடு. சாதாரண இரும்பைவிட இரண்டு மடங்கு பலம். தடிமன் குறைஞ்சா ஒண்ணும் ஆகாது" என்றார். நான்கு மீட்டர் உயரத் தூண்களின் நடுவே வரவேண்டிய குறுக்குச் சட்டங்களையும், வழியை மறைக்கும் என்று சொல்லி விட்டுவிட்டார்.

பரணில் பூண்டுக் கட்டுகளை அடுக்கிய மூன்றாம் வாரம் இரண்டு தூண்கள் போயின. அவை ஒடியவில்லை; அகன்ற முகம் முதலில் அலையலையாக நெளிந்தது, பிறகு தூணே முறுக்கிக்கொண்டு சாய்ந்தது. அப்போது உள்ளே யாரும் இல்லை.

கோவையில் கட்டுமானப் பொறியாளராக இருக்கும் என் அக்கா மகன் வந்து பார்த்துவிட்டு, "கிரேடு பேச்சே இங்க செல்லாது மாமா" என்றான். மெல்லிய தகடு நசுங்குவதற்கு முன்பே நெளிந்துவிடுகிறது. அந்த நெளிவை எதிர்ப்பது இரும்பின் விறைப்பு, அது எந்தக் கிரேடிலும் ஏறத்தாழ ஒன்றுதான். அகலம் மாறாதிருக்க, தகடு நெளியத் தொடங்கும் சுமை தடிமனின் முப்படியைப் பொறுத்தது என்பதால், 2 மில்லிமீட்டர் 1.6 ஆனதுமே அது ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. நடுச்சட்டம் இல்லாததால் தூணின் தாங்கலற்ற நீளம் இரட்டித்தது. 1744இலேயே கணித மேதை ஆய்லர் காட்டிய கணக்குப்படி, நீளம் இரட்டித்தால் நெட்டைத் தூண் வளையும் சுமை கால்பங்காகக் குறையும். பரண் உத்திரத்தைச் சேனலின் ஒரு பக்கத்தில் மட்டும் போல்ட் போட்டு மாட்டியதே முறுக்கலுக்குக் காரணம். என்னை மிகவும் வருத்தியது வேறொன்று: சேனலின் விளிம்பில் உள்நோக்கி மடிந்திருக்கவேண்டிய சிறு லிப்பே இல்லை. போதிய லிப் இருந்தால் அந்தப் பக்கத் தகடு நெளிவை எதிர்க்கும் திறன் ஒன்பது மடங்கு வரை கூடுமாம். சில விரற்கடைத் தகட்டை மிச்சம்பிடிக்க அதையும் விட்டிருக்கிறார்.

இத்தகைய மடித்த தகட்டுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 801-இன்படி போட்ட கணக்குத்தாளைப் பட்டறைக்காரரிடம் கேட்டேன். அப்படியொன்று அவரிடம் இருக்கவே இல்லை. முன்பணமும் திரும்பவில்லை, இப்போது தொலைபேசியையும் எடுப்பதில்லை.

மன்னவனூர், கவுஞ்சிப் பக்கத்திலும் அவர் வேலை பேசிவருவதாக அறிகிறேன். அவரிடம் ஒப்பந்தம் செய்தவர்கள், கூரை ஏறுவதற்கு முன் ஒவ்வொரு தூணிலும் வெர்னியர் காலிப்பரை வைத்துத் தடிமனை அளந்து, லிப்பையும் நடுச்சட்டங்களையும் நேரில் பார்த்தபின்பே அடுத்த தவணையைக் கொடுங்கள்.