ஹார்ஷா 3500, மைக்ரோஸ்டார்: இரண்டு டோஸ் ரீடர்களும் பயன்பாட்டில் எப்படி?

ரேடியோதெரபி நோயாளியின் தோலில் நாம் கணக்குப் போட்ட டோஸ்தான் (கதிர்வீச்சின் அளவு) விழுகிறதா என்று பார்க்க இந்த இரண்டு ரீடர்களிலும் வேலை செய்திருக்கிறேன். புரோஷரைப் படித்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் தினசரி வேலையில் அப்படி இல்லை.

ஹார்ஷா 3500 முழுக்க கையால் இயக்கும் மெஷின். நோயாளியின் தோலில் வைத்திருந்த, கதிர்வீச்சின் ஆற்றலைத் தேக்கிவைக்கும் லித்தியம் ஃபுளோரைடு சிப்பை ட்வீசரால் எடுத்து உலோகத் தட்டில் வைத்து, டிராயரை மூடிச் சூடேற்ற வேண்டும். சிப்பில் தங்கிய ஆற்றல் வெளிச்சமாக வெளியேற, மங்கலான வெளிச்சத்தையும் உணரும் ஃபோட்டோமல்டிப்ளையர் அதை அளக்கும். ஒரு தடவைக்கு ஒரு சிப்தான், நிறைய இருந்தால் பாதி நாள் போய்விடும். நைட்ரஜன் சிலிண்டரும் வேண்டும், இல்லாவிட்டால் கதிர்வீச்சுக்குச் சம்பந்தமே இல்லாத வெளிச்சமும் சேர்ந்து சின்ன டோஸ்களைக் கெடுத்துவிடும். அப்புறம் அடுத்த தடவைக்குமுன் அந்தச் சிப்களை 400 டிகிரியில் ஒரு மணி நேரம், 100 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓவனில் வைக்க வேண்டும்.

இவ்வளவு சிரமம் இருந்தும் இதை எனக்குப் பிடிக்கும், காரணம் க்ளோ கர்வ், அதாவது சூடு ஏற ஏற வெளிச்சம் எப்படிக் கூடிக் குறைகிறது என்று காட்டும் வரைபடம். சிப்பில் அழுக்கு இருந்தாலோ தட்டில் சரியாக உட்காராமல் இருந்தாலோ கர்வின் வடிவமே காட்டிக்கொடுத்துவிடும், அந்த அளவீட்டை நம்பலாமா வேண்டாமா என்று அங்கேயே முடிவு செய்யலாம்.

மைக்ரோஸ்டாரில் சூடும் இல்லை, நைட்ரஜனும் இல்லை. பச்சை ஒளியைப் பாய்ச்சி நானோடாட்டை (உறைக்குள் இருக்கும் சின்ன அலுமினியம் ஆக்சைடு டிஸ்க்) படிக்கிறது, சில நொடிகளில் எண் வந்துவிடும். சந்தேகமாக இருந்தால் மறுபடி படிக்கலாம், ஒவ்வொரு தடவையும் சிக்னலில் மிகச் சிறிய பங்குதான் குறையும். சூடேற்றிய சிப்பில் இதற்கு வழியே இல்லை. ஆனால் திரையில் வருவது எண் மட்டும்தான். கதிர்வீச்சு கொடுத்த உடனே படிக்கவும் கூடாது, முதல் சில நிமிடங்களில் சிக்னல் வேகமாக இறங்கும் என்பதால் குறைந்தது 10 நிமிடம் காத்திருங்கள். உறையிலிருந்து டிஸ்க் வெளியே நழுவி அறை வெளிச்சம் பட்டால் சிக்னல் அழியத் தொடங்கிவிடும். இன்னொன்றும் முக்கியம்: சிகிச்சைக்கான 6 எம்வி (மெகாவோல்ட்) எக்ஸ்ரே கற்றையில் கேலிப்ரேட் செய்ததை அப்படியே ஆற்றல் குறைந்த சிடி ஸ்கேனில் வைத்தால் உண்மை டோஸைவிட இரண்டு மடங்குக்கும் மேல் காட்டும். இது ரீடரின் பழுது இல்லை, அலுமினியம் ஆக்சைடின் குணம்.

நோயாளிகள் வரிசையில் நிற்கும் பிரிவுக்கு மைக்ரோஸ்டார்தான் சரி. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஆராய்ச்சிக்கும் ஹார்ஷாவைத்தான் சொல்வேன். எதுவானாலும் டெமோவில் ஒரே ஒரு டோஸில் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். லித்தியம் ஃபுளோரைடு சுமார் 1 கிரேக்கு (டோஸின் அலகு) மேல் நேர்கோட்டை விட்டு மேலே போகும், அதாவது டோஸ் கூடுவதைவிட அதிகமாக அளவீடு கூடும், நாம் அன்றாடம் கொடுப்பதோ 2 கிரே. அதனால் 0.5, 1, 2, 4 கிரே என்று படிப்படியாகக் கொடுத்து, கதிர்வீச்சே படாத சிப்களையும் கூடவே படித்துக் காட்டச் சொல்லுங்கள்.