அரை வெள்ளி எரிச்சல்: ஒன்பது வருட எஃப்டி அனுபவம்

போன வாரம் தெரிந்த தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, நானும் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்டி கார் எடுத்துட்டேன். 95 பெட்ரோல் போட்டா போதாதா? அமெரிக்காவுல 91 போட்டே ஓட்டுறாங்களாமே?" இரண்டு வரியில் பதில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை.

முதலில் அந்த 91. பம்ப்பில் எழுதியிருக்கும் அந்த எண்தான் ஆக்டேன், அதாவது பெட்ரோல் முன்கூட்டியே தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு. அமெரிக்காவில் அதற்கு வேறு கணக்கு. ரிசர்ச் ஆக்டேன், மோட்டார் ஆக்டேன் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துப் போடுவார்கள். இங்கே சிங்கப்பூரில் ரிசர்ச் எண் மட்டும்தான், அதாவது ரான். அவர்களுடைய 91 நம் ஊர் 95, 96 பக்கம் வரும். நம்முடைய 92 அவர்களுக்கு வெறும் 87. இது தெரியாமல் 92 அடித்துவிட்டு "கொஞ்சம் மந்தமா இருக்கு" என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். அவர் அதிர்ஷ்டக்காரர்.

ஏன் என்றால், சாதாரண பிஸ்டன் வண்டி ஆக்டேன் குறைந்தால் 'டிக் டிக்' என்று தட்டிக் காட்டும்; இதைத்தான் நாக் என்பார்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பிழைத்துக்கொள்ளும். எஃப்டியில் இருப்பது டர்போ ரோட்டரி, பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் எஞ்சின். அது அவ்வளவு பொறுமைசாலி இல்லை. ரோட்டரின் மூன்று முனைகளிலும் வாயு கசியாமல் அடைத்துப் பிடிக்கும் அபெக்ஸ் சீல் 2 மில்லிமீட்டர் தடிமன்தான். நல்ல பூஸ்ட்டில், அதாவது டர்போ காற்றை அழுத்தித் திணிக்கும்போது, ஒரே ஒரு பலமான நாக் போதும், சீல் உடையும். உடைந்த துண்டு புகைபோக்கி வழியாக டர்போவுக்குள் போய் அதையும் கெடுத்துவிடும். இத்தனைக்கும் டர்போ இல்லாத பழைய ரோட்டரிகள் சாதாரண பெட்ரோலிலேயே சமர்த்தாக ஓடின. வில்லங்கம் முழுக்க அந்த பூஸ்ட்டில் இருக்கிறது.

என் வண்டியை காக்கி புக்கிட்டில் ஒரு மெக்கானிக் அங்கிள், 98 ஊற்றி, 0.9 பார் பூஸ்ட்டுக்கு டியூன் செய்துகொடுத்தார். கம்பெனியிலிருந்து வரும்போது அது 0.7 பக்கம் இருக்கும். எந்தப் பெட்ரோலில் டியூன் செய்தார்களோ அதுவே அந்த வண்டியின் பெட்ரோல். தம்பிக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அதற்குக் கீழே இறங்கக் கூடாது. மேலே ஏறியும் பயனில்லை. மலாக்கா போகும்போது ஜொகூரில் 100 நிரப்பிப் பார்த்திருக்கிறேன். பர்ஸுக்குத் தெரிந்தது, வண்டிக்குத் தெரியவில்லை. கூடுதல் ஆக்டேன் என்றால் கூடுதல் சக்தி என்று பொருளில்லை, நாக் வராமல் தாங்கும் திறன் மட்டுமே கூடுகிறது.

இனி என் எரிச்சல். 98-க்கு அரசாங்க வரி லிட்டருக்கு 79 காசு, 95-க்கு 66 காசு. வித்தியாசம் 13 காசு. பம்ப்பில் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? கிட்டத்தட்ட அரை வெள்ளி, அதாவது அரை சிங்கப்பூர் டாலர்! ஜிஎஸ்டியைச் சேர்த்துப் பார்த்தாலும் இந்தக் கணக்கு எனக்கு இன்னும் புரியவில்லை. 60 லிட்டர் போட்டால் முப்பது வெள்ளி சும்மா போகிறது. லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் இது மாதத்தில் எத்தனை முறை என்பதை மனைவி படிக்கும் இடத்தில் எழுத முடியாது.

அந்த 98 தேவைப்படும் நேரம்தான் இன்னும் கொடுமை. பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் பூஸ்ட் மீட்டரின் முள் பூஜ்யத்துக்குக் கீழேயே தூங்கும். மாதத்துக்கு மொத்தமாக இருபது நிமிடம் அது மேலே ஏறினால் பெரிய விஷயம். அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் முழு டாங்க்கும் 98.

ஒருமுறை பெட்ரோல் நிலையத்தில், சீல்கள் தேயாமலிருக்க டாங்க்கில் கலக்கும் டூ-ஸ்ட்ரோக் ஆயிலை அளந்துகொண்டிருந்தேன். 200-க்கு ஒன்று, 60 லிட்டருக்கு 300 மில்லி. "மோட்டார் சைக்கிளுக்கா சார்?" என்று கேட்டபடியே அந்த ஊழியர் 40 லிட்டர் 95 அடித்துவிட்டார். உள்ளே ஏற்கெனவே 98 ஒரு இருபது இருந்தது, ஆக கலவை 96 பக்கம். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். நான்தான் முதலில் பம்ப்பைப் பார்த்திருக்க வேண்டும், என்ன சொல்வது? அந்த வாரம் முழுக்க முள்ளைப் பூஜ்யத்தைத் தாண்ட விடாமல் ஓட்டினேன். அந்த ஒரு வாரந்தான் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கொடுத்தது. பிஸ்டன் வண்டியில் இல்லாத அந்த வழுக்கல், 3,000 ஆர்பிஎம்மில் தையல் மெஷின் மாதிரி ஓர் ஓசை. பாட்டைக்கூட அணைத்துவிட்டேன். பெருமை 95-க்கு இல்லை, என் காலுக்கு. ஆனாலும் ஒன்பது வருடத்தில் நான் மிகவும் ரசித்த வாரம் அதுதான்.

நியாயமாக இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நான்காவது வருடம் என் சீல் ஒன்று போனது, அதுவும் டாங்க் நிறைய 98 இருக்கும்போது. சூடான பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை, ஐடிலில் வண்டி நடுங்கியது. பெட்ரோலைத்தான் திட்டினேன். அங்கிள் பிரித்துப் பார்த்தார்: வயதான ஃப்யூவல் பம்ப் தளர்ந்து, பூஸ்ட்டில் பெட்ரோல் போதாமல் போயிருக்கிறது. காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்றால் 100 போட்டாலும் நாக் வரும். ஆக தம்பி, 95-ஐ மறந்துவிட்டு முதலில் அந்த பம்ப்பை மாற்று. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலரையும் பார். நம் ஊர் மத்தியான வெயிலில் சிக்னலில் நின்று கிளம்பினால் உள்ளே போகும் காற்றே கொதிக்கும், உடனே மிதிக்காதே.

வாங்குவதற்கு முன்னால் கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். பெட்ரோல், ஆயில், நான்கு ப்ளக், அங்கிளுக்கு மாதாமாதம் மொய். எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாத வண்டி. வண்டி வைத்திருக்க இங்கே வேண்டிய சிஓஇ உரிமம் எனக்கு அடுத்த வருடம் முடிகிறது. புதுப்பிப்பது ஐந்து வருடத்துக்கா பத்து வருடத்துக்கா என்று மனைவி கேட்டாள். பத்து என்றேன்.